தொட்டியில் இருக்கிற அத்தான்

சுற்றிக்கொண்டிருந்த வெள்ளைப் புள்ளிகள் நின்றன, திரை கறுத்தது, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு பழையபடி முதலிலிருந்து புள்ளிகள். சுத்தட்டும், நல்லாச் சுத்தட்டும் என்று நினைத்துக்கொண்டான் பால்வண்ணன். மூணாம் ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து நேரே வந்திருந்தான். சட்டைக் காலருக்குள் பஞ்சு ஒட்டிக்கிடந்தது, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து அவனுக்குத் தூக்கம் வருமா. அக்கா மகள் இந்துஜா கல்யாணத்தோடு இந்தப் படி மிதிப்பதை விட்டவன் இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறான். அக்கா புருஷன், ஆவுடைநாயகம் அத்தான், செத்தபோதுகூட வீட்டுக்கு வரவில்லை. சுடுகாட்டுக்குப் போய் வேலியோரம் நின்றுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விட்டான். இப்போது அதே அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய மேஜையில், அவருடைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறான். சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லாத குட்டி லேப்டாப். சுவரில் மாலை போட்ட படத்திலிருந்து அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாரும், நல்லாப் பாரும். உம்ம சாமான் இப்ப யாரு கையில மாட்டியிருக்குன்னு பாரும். காலையில் மில் வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அக்கா சங்கரவடிவு போனில் அழுதாள். "ஏல, அவுக பெட்டி தொறக்க மாட்டேங்குதுல." எந்தப் பெட்டி என்று அவனுக்கு விளங்கவில்லை, செத்து எட்டு மாசமான மனுஷனுக்கு என்ன பெட்டி. "லேப்டாப்புல. நேத்துலேருந்து சும்மா சுத்திக்கிட்டே கெடக்கு." மருமகனிடம் சொல்ல வேண்டியதுதானே என்று வேண்டுமென்றே கேட்டான். "சொன்னேன். தூக்கிப் போடுங்க அத்தை, புதுசு வாங்கி அனுப்புதேன்னுட்டாரு. புதுசுல அவுக இருப்பாவளால?"

கடைசிக் காலத்தில் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அவர் சொல்லிப் பழகுவதைத் தினமும் வீடியோ எடுத்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள் என்றாளாம். அக்கா விடிந்ததும் அவரை இதன் முன்னால் உட்கார வைத்து, பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்து, எல்லாவற்றையும் இதிலேயே பதிந்து வைத்திருக்கிறாள். "அவுக கொரலு இதுல மட்டுந்தாம்ல இருக்கு, வேற எங்கயும் இல்ல." அவள் அதைச் சொன்ன மாத்திரத்தில் பால்வண்ணனுக்குள் நெடுநாளாகப் படுத்துக் கிடந்த ஒன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் வந்தான். தம்பி ஓடி வந்துவிட்டான் என்று அக்கா நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். வேறு பிரதி கிடையாது. உலகத்திலேயே இந்தத் தட்டுக்குள்தான் அத்தானின் குரல் இருக்கிறது. ஆயிரம் பேர் கூடின மண்டபத்தில் மைக்கைப் பிடித்து முழங்கின குரல். இப்போது ஒரு விரலுக்குக் கீழே.

லேப்டாப்புக்கு வந்த வியாதி என்னவென்று அவனுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. யாரும் அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததில்லை, மில்லில் மின்பலகையைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவன் தூங்காமலிருக்க எதையாவது நோண்ட வேண்டுமே, அப்படி நோண்டிக் கற்றது. உள்ளே இடமில்லை. விழிப்பதற்கும் எழுந்து நிற்பதற்கும் இதற்குக் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும், அது கிடைக்காமல் எழுந்து எழுந்து விழுகிறது. கழுத்து வரைக்கும் தின்றவன் பந்தியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் இலையைப் பிடித்துக்கொண்டு முழிப்பது போல. பந்தி. அந்தக் கல்யாணப் பந்தியில் அவன் கை நனைக்கவில்லை. பத்திரிகை அவன் கைக்கு வந்த அன்றைக்கே பார்த்தான், முதலில் மேலோட்டமாக, பிறகு விரல் வைத்து, பிறகு திருப்பிப் பிடித்துப் பின்பக்கம்கூட. பெரியப்பாக்கள் இருந்தார்கள், சித்தப்பாக்கள் இருந்தார்கள், இன்னும் பால் மறக்காத பேரன் பேத்திகள் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று இருந்தார்கள். தாய்மாமன் என்ற இடமே இல்லை. அப்படி ஓர் உறவே இந்தப் பெண்ணுக்குக் கிடையாது என்பது போல. அச்சகத்துக்காரன் செய்த வேலையாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பட்டு வேட்டியும் மாலையுமாக மண்டபத்துக்குப் போனான். மணையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் தலைப்பாகையோடு நின்றான். அத்தான் மைக்கைப் பிடித்து வந்தவர்களை எல்லாம் பேர் சொல்லி வரவேற்றார். மாட்டு டாக்டரை வரவேற்றார். பந்தல்காரனை வரவேற்றார். பால்வண்ணன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பூ வாடுவது கைக்குத் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ச்சி போய், வெறும் நாராக. அப்புறம் கிட்டே போய்க் கேட்டதற்கு அத்தான் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சிரித்தார். "பேரு விட்டுப்போச்சு மாப்ளே. விடுங்க." விட்டுப்போச்சாம். விடணுமாம். அன்றையிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் அதையேதான் சொன்னார்கள், விடுப்பா பால்வண்ணா, விடு, பெரிய மனுசன்கிட்ட என்ன கறுவிக்கிட்டு. பேரையும் அவர்கள்தான் விடுவார்கள், கோபத்தையும் அவன்தான் விட வேண்டும். ஒரே சொல், எப்படித் திருப்பினாலும் அவன் கழுத்தில் வந்து விழுகிறது.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினான். அதில் வேறொரு சிஸ்டம் வைத்திருந்தான், இந்த மாதிரி விழுந்து கிடக்கிறவற்றுக்குள் பக்கத்து வாசல் வழியாக நுழைவதற்கு. பொத்தானை அழுத்தியபடியே காத்திருந்தான். வெளியே முற்றத்தில் குழாய் சீறியது. இன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள், அக்கா சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு குடங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள், ஈயக் குடம் சிமிண்டில் உரசுகிற சத்தத்தில் பல் கூசியது. "ஏல, காப்பி போடட்டுமா, இல்ல தண்ணி நின்னதும் குடிக்கியா?" "நின்னதும்." "ஒனக்கு இன்னும் சீனி தூக்கலாத்தானா?" சீனியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாள். திரையில் வேறு நிறம் வந்தது, அத்தானின் உள்வீடு முழுக்க அவன் முன்னால் திறந்து கிடந்தது, நிலைக்கதவு இல்லை, பூட்டு இல்லை. வீடியோக்கள் என்ற இடத்தைத் திறந்தான். காலி. படங்கள், காலி. ஆவணங்கள், ஏதோ நாலு வாழ்த்துரை. ஒருவேளை ஏற்கெனவே போய்விட்டதோ, தெய்வமே முந்திக்கொண்டதோ. அப்படியென்றால் அவன் கைக்கு என்ன மிச்சம். "அக்கா, வீடியோவெல்லாம் எங்க வச்சிருக்கு?" என்று கத்தினான். குழாய்ச் சத்தத்துக்கு மேலே அக்கா குரல் வந்தது. "எல்லாம் தொட்டியிலல்லா இருக்கு! கண்ட எடத்துல கெடந்தா அழிஞ்சிரும்னு அவுகளே எடது கையால இழுத்து இழுத்துத் தொட்டியில போட்டு வச்சிருக்காவ! பாக்கணும்னா வெளிய எடுத்துப் பாத்துட்டுத் திரும்பப் போட்டுருவேன்!" என்ன உளறுகிறாள், தண்ணீர்த் தொட்டியில் எதைப் போட்டார், பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று ஒரு கணம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தரைத்தொட்டிக்குள் தண்ணீர் தொபதொபவென்று விழுந்துகொண்டிருந்தது.

பிறகு புரிந்தது. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, அதை வாய்க்கு வராமல் அடக்க வேண்டியிருந்தது. அத்தான் தமிழ்ப் பற்றாளர். கடையில் வாங்கும்போதே எல்லாம் தமிழில் இருக்கணும் என்று சொல்லி மாற்றி வாங்கியிருப்பார். முகப்பில் ஒரு வாளிப் படம், அதற்குக் கீழே 'மறுசுழற்சித் தொட்டி'. இந்த ஊரில் தொட்டி என்றால் எவனுக்குக் குப்பை ஞாபகம் வரும். தொட்டி என்றால் தண்ணீர். தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து நிரப்பி, மூடி போட்டு, மேலே கல் வைத்து, பிள்ளைகளை அண்ட விடாமல் காப்பாற்றுவது. நல்ல பொருளைத் தொட்டியில்தானே போடுவான் இந்த ஊர்க்காரன். நிரம்பிவிட்டது என்று ஒரு தடவை சொல்லியிருக்கும், யாரையாவது பிடித்து அளவைக் கூட்டச் சொல்லியிருப்பார், இருக்கிற தொட்டிக்கு மேலே ரெண்டு வரி செங்கல் வைத்துக் கட்டுவது போல. அப்படிக் கட்டிக் கட்டித்தான் வீடு முழுக்கத் தொட்டியாகி, நிற்க இடமில்லாமல் விழுந்துவிட்டது. பால்வண்ணன் உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டான். இடமில்லாத லேப்டாப்பைக் கையில் எடுத்த எவனும் முதலில் என்ன செய்வான்? குப்பையைக் கொட்டுவான். கடையில் கொடுத்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான், ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அதுதான் முறை, அதுதான் தொழில். அப்புறம் அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டால், தொட்டின்னு நீ சொன்னது தண்ணித் தொட்டின்னுல்லா நெனச்சேன் என்று கையை விரித்துவிடலாம். அவள் சொன்னபோது தண்ணீரும் விழுந்துகொண்டிருந்ததே. எந்தப் பஞ்சாயத்திலும் அவன் மேல் குற்றம் நிற்காது. இத்தனை வருஷம் ராத்திரிகளில் எத்தனை விதமாக யோசித்திருப்பான், மண்டபத்துக்கு நடுவில் வைத்து நாலு வார்த்தை கேட்பது, இந்துஜா பிள்ளைக்குக் காது குத்தும்போது போகாமலிருப்பது, ஒன்றுக்கும் அந்த மனுஷன் அசைந்துகொடுக்காமல் செத்தும் போய்விட்டார், செத்தவனை என்ன செய்ய முடியும் என்று கைவிட்ட பிறகு, இதோ, அவராகவே வந்து, அவராகவே குப்பையில் ஏறிப் படுத்து, அவன் விரலுக்குக் கீழே. விட்டுப்போச்சு அத்தான். விடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், படத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே.

தொட்டியைத் திறந்தான். அங்கே எதற்கும் பேர் இல்லை. குப்பைக்குப் போகிறவற்றின் பேரை இந்த இயந்திரம் பிடுங்கிவிடும், கன்னாபின்னாவென்று எழுத்துகளை ஒட்டி ஒரே மாதிரி ஆக்கிவிடும், பக்கத்து வாசல் வழியாக நுழைந்தவனுக்கு அப்படித்தான் தெரியும். பேரில்லாத வரிசை கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது. பேர் போனால் எப்படி இருக்கும் தெரியுதா. அழிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வாய் கோணின நிலையில் அவரைப் பார்க்கவில்லையே, அந்தக் காட்சியையும் விடுவானேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தட்டினான். பனியன், தோளில் துண்டு, இதே நாற்காலி. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. "அம்மா" என்றது அக்காவின் குரல், ஆள் தெரியவில்லை. "ம்ம்...ஆ" என்றார் அத்தான். "ஆடு." "ஆ...து." எச்சில் இறங்கியது, திரையின் ஓரத்திலிருந்து அக்காவின் வளையல் கை வந்து துடைத்துவிட்டுப் போனது. பால்வண்ணனுக்கு உடம்பெல்லாம் ஒரு இனிமை பரவியது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தியது போல. மாட்டு டாக்டரை வரவேற்ற வாயா இது. இன்னொன்றைத் தட்டினான். "இலை." "இ...ய." இன்னொன்று. அதில் அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் மேஜையைக் குத்திக்கொண்டு அழுதார், அக்கா "சரி சரி, நாளைக்குச் சொல்லலாம்" என்றாள். நல்லா வேணும். இன்னொன்று. தன்னை அறியாமல் பால்வண்ணனின் உதடு அவருக்கு முன்னால் போய்ச் சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தது, இலை, ஈட்டி, உரல், என்று. அவர் சரியாகச் சொல்லும்போது அவனுக்கு எரிச்சலாக இருந்தது, சொல்லாதபோதும் எரிச்சலாக இருந்தது. போதும் என்று நினைத்தான், கடைசியாக ஒன்று, அத்தோடு மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிடலாம்.

அந்தக் கடைசியில் அத்தான் சவரம் செய்து திருநீறு பூசியிருந்தார். வாய் கொஞ்சம் நேராகியிருந்தது. "பால்" என்றது அக்காவின் குரல். "பால்" என்றார், தெளிவாக, பழைய குரலில் பாதி திரும்பியிருந்தது. "ஆங், நல்லா வருதே. இன்னொருக்க. பால்." "பால்" என்றார். அத்தோடு நிற்கவில்லை. கண்ணை மேலே தூக்கி எதையோ தேடினார், கை துண்டை இறுக்கிப் பிடித்தது. "பால்... வ... வண்..." பால்வண்ணனின் முதுகுத் தண்டு நிமிர்ந்தது. "வண்...ணன்" என்று முடித்தார் அத்தான், குழந்தை எழுந்து நின்ற மாதிரி ஒரு சிரிப்போடு, கோணலாக. பிறகு அவள் குரல், அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த குரல், பதறாமல் சொன்னது: "அந்தப் பேர விடுங்க. பால்னு மட்டும் சொல்லுங்க." அவன் நிறுத்திவிட்டான். வெளியே குழாய் சீறிக்கொண்டே இருந்தது. அந்தப் பேரை விடுங்க. பேரை விடுங்க. இதை எங்கே கேட்டிருக்கிறான், இந்தச் சொல்லை, இந்தத் தணிந்த குரலில். அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளை அத்தான் எப்போதாவது படித்திருப்பாரா, அவருக்கு மேடைதான் தெரியும், தாளைப் படித்தது அக்காவாகத்தான் இருக்கும், அவள் எதையும் விரல் வைத்து வாய்விட்டுப் படிக்கிறவள், மளிகைச் சீட்டைக்கூட. அவள் விரல் தாய்மாமன் இல்லாத இடத்தைத் தாண்டித்தானே போயிருக்கும். மண்டபத்தில் அவள் சந்தனக் கும்பாவைப் பார்த்துக்கொண்டே "அவுக செஞ்சதுக்கு நான் என்னல செய்ய" என்றாள். அவனைப் பார்க்கவில்லை. கும்பாவைப் பார்த்தாள். அந்த வருஷம்தான் அவன் பொண்டாட்டி ராசகனி அவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன மணைக்குப் பக்கத்துல நிறுத்துனா நல்லாவா இருக்கும் என்று வீட்டில் பேச்சு நடந்ததாக யாரோ வந்து காதில் ஊதினார்கள். இத்தனை வருஷமும் அந்த வாக்கியம் அவனுக்குள் அத்தானின் கட்டைக் குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதையே அக்காவின் குரலில் ஓட விட்டுப் பார்த்தான். தாளம் தப்பாமல் பொருந்தியது. ஐயோ, என்னமாய்ப் பொருந்தியது. மைக்கை மூடிக்கொண்டு அத்தான் சிரித்த சிரிப்பு, அது எகத்தாளம் என்றல்லவா நினைத்தான், அது பொண்டாட்டி செய்ததை மறைக்கிறவனின் அசட்டுச் சிரிப்பாகவும் இருக்கலாமே. வேலியோரம் நின்று ஒரு சிதையைப் பார்வையாலேயே எரித்துவிட்டுப் போனானே, அந்தப் பார்வையெல்லாம் யார் மேல் விழுந்தது.

"என்னல, சத்தத்தையே காணோம்? ஆவுமா ஆவாதா?" என்று முற்றத்திலிருந்து கேட்டாள். "ஆவும்." இப்போதும் விரல் அங்கேதான் இருந்தது. இப்போது அழித்தால் அது சரியான ஆளுக்குப் போய்ச் சேரும், வட்டியில்லாமல் முதல் கைக்கு. ஆனால் அழித்தால் என்ன நடக்கும் என்று ஓட்டிப் பார்த்தான். அழுவாள். தெரு கூடும். பாவம் சங்கரவடிவு, புருஷன் ரெண்டாந்தரம் செத்துட்டான் என்று மடியில் சாய்த்துக்கொள்வார்கள். அத்தானுக்காக அழுவாள், எட்டு மாசமாக அழுகிற அதே அழுகைதான். அவனுக்காக அவள் எப்போது அழுவது. அதுவும் போக, அந்தக் கோணல் வாயில் அவன் பேர் ஒரு தடவை முழுசாக வந்திருக்கிறது, வண்ணன் என்று, னகரம் சுத்தமாக. அதையும் சேர்த்தா கொட்டுவது. மாட்டான். தொட்டியை மூடினான். பழைய விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது பாம்பு மாதிரிக் கழற்றிப் போட்ட சட்டை ஒன்று யாருக்கும் வேண்டாமல் மூலையில் பெரிய பொதியாகக் கிடந்தது, அதை அழித்தான். தற்காலிகமாக வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட சில்லறைக் கோப்புகளை அழித்தான். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினான். புள்ளிகள் சுற்றின, நின்றன, அத்தான் வைத்திருந்த குற்றாலத்து அருவிப் படம் வந்து நின்றது. தொட்டியை இந்த வாசல் வழியாகத் திறந்தால் எல்லாவற்றுக்கும் பேர் திரும்பி வந்திருந்தது. எல்லாவற்றையும் மீட்டு, இருக்க வேண்டிய இடத்துக்கு அனுப்பினான். அந்த ஒன்றை மட்டும் இன்னொரு பிரதி எடுத்து, லேப்டாப் விழித்ததும் தானாக ஓட வேண்டியவற்றை வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தான். சத்தத்தை முழுசாகக் கூட்டினான். இனி எந்த நாள் இதைத் திறந்தாலும் முதலில் அதுதான் பேசும். அதைக் கேட்காமல் அவள் அத்தானிடம் போக முடியாது. தினமும், புருஷன் முகத்துக்கு ஆசைப்பட்டுத் திறக்கும்போதெல்லாம், தன் குரலைத் தானே கேட்கட்டும். அணைத்தான்.

"வா, வந்து நீயே போடு" என்றான். தண்ணீர் நின்றிருந்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்து, மறுபடி துடைத்து, பொத்தானைத் தொட்டாள். பால்வண்ணன் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்க வசதியாக மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அருவி வந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது, "வந்துட்டுல!" என்று அவன் கையைப் பிடித்தாள். பிடித்த கையோடு இருக்கும்போதே அத்தான் பேச ஆரம்பித்தார். பால். இன்னொருக்க. பால். பால்... வ... வண்... ணன். அந்தப் பேர விடுங்க. பால்னு மட்டும் சொல்லுங்க. அவள் பிடி தளர்ந்தது. கையை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அவன் எத்தனையோ முகங்களை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறான், இது அதில் எதுவும் இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று நடுவழியில் யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். வீடியோ ஓடி முடிந்து அருவி திரும்பி வந்தது. கேள், ஏதாவது சொல், இல்லையென்று சொல், அழு. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "இது எப்பப் போட்டாலும் வருமா?" "வரும்" என்றான். "நீயா வச்ச?" "நாந்தான் வச்சேன்." தலையை ஆட்டினாள். "இருக்கட்டும்" என்றாள். "எடுத்துராத."

அவன் பையை எடுத்துக்கொண்டான். காப்பியைப் பற்றி அவளும் பேசவில்லை. எடுத்துராத என்றால் என்ன அர்த்தம், வலிக்கட்டும் என்கிறாளா, அவர் குரலாயிற்றே என்கிறாளா, இல்லை உன்னால் என்னை என்ன செய்ய முடிந்தது பார் என்கிறாளா. யார் ஜெயித்தது என்று தெரியாமல் ஒரு பழி தீர்ப்பதா. வெயில் ஏறியிருந்தது, நிரம்பி வழிந்த தண்ணீர் வாசலில் பளபளவென்று ஓடியது, அதைத் தாண்டிச் செருப்பை மாட்டினான். உள்ளே அவள் அதை அணைத்துவிட்டு மறுபடியும் போடுவது கேட்டது. பால். பால். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினான். பால்... வ... வண்... ணன் என்று வீட்டுக்குள்ளிருந்து அத்தான் கூப்பிட்டார், அவர் உயிரோடிருந்தபோது கூப்பிட்டதைவிட மெதுவாக, வரமாட்டானோ என்ற சந்தேகத்தோடு. "என்னத்தான்?" என்றது அவன் வாய். தெருவைப் பார்த்து, சத்தமாக. எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு நின்று திரும்பிப் பார்த்தாள். பால்வண்ணன் அந்த நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டே, ரத்தம் கசிகிறவரை கடித்துக்கொண்டே, சைக்கிளை மிதித்தான்.